கடல் திருப்பிக் கொடுத்தவர்

பேச வந்தவளுக்கு முன்பே கண்ணைத் துடைக்கத் தொடங்கிவிட்ட அவைத் தலைவர், மண்சிற்பி பூ யங்சுக் அம்மையார் அவர்களே! இரும்பை வளைத்தும், பட்டுத் துணியை இணைத்தும், காகிதத்தைக் கிழித்தும் இந்தச் சுவர்களுக்கு உயிர் கொடுத்திருக்கும் சக கலைஞர்களே! அலையோடு அலைந்து முதிர்ந்த ஜுமுன்ஜின் துறைமுகத்துப் பெரியோர்களே! காலையில் கணவாய் மீனைக் கீறிய கையைக் கழுவிவிட்டு ஓடிவந்திருக்கும் தாய்மார்களே! முன்வரிசையில் கறுப்பு உடையில் அமர்ந்திருக்கும் கம் சுன்தொக் அவர்களே! புகைப்படக்காரி பியோ கும்ரான் உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

அறுவர் கண்காட்சி என்று அழைப்பிதழில் அச்சிட்டோம். மேடையில் இருப்பவர்கள் ஐவர். ஆறாமவர் எங்கே? ஓவியர் ஓக் மான்சிக் எங்கே? சுன்தொக்கின் கணவர் எங்கே? அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். பெருமையோடு அல்ல, அவமானத்தோடு வந்திருக்கிறேன்.

எட்டு ஆண்டுகளுக்கு முன் என் கணவர் தாக் ஜேவூனும், அவரை அண்ணன் என்றே அழைத்த மான்சிக்கும் மீன் பிடிக்கப் போன படகு கவிழ்ந்தது. போனவர்கள் இருவர். வந்தவர் ஒருவர். மருத்துவமனையிலிருந்து நேராக என் வாசலுக்கு வந்து நின்றார் மான்சிக்.

"அண்ணி, அண்ணனைப் பிடிச்சிருந்தேன். கை விட்டுடுச்சு அண்ணி."

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"அப்போ நீ மட்டும் எதுக்குடா வந்தே?"

இதைத்தான் சொன்னேன். இந்த வாயால் சொன்னேன். கதவைச் சாத்தினேன். அதன் பிறகு ஒரே சந்தை, ஒரே தெரு, ஒரே பேருந்து. ஒரு வார்த்தை பேசவில்லை.

பின்னால் யாரோ "சத்தமா பேசுங்க" என்கிறார். பேசுகிறேன் ஐயா. இத்தனை நாள் வாய் திறக்காததுதானே என் குற்றம்!

மான்சிக் அதற்குப் பிறகு படகு ஏறவில்லை. யங்சுக் அம்மையார் நடத்தும் வகுப்பில் சேர்ந்து ஓவியம் கற்றார். இடது கையால் வரைந்தார். வலது கை அன்றைய கடல் குளிரில் செத்துப்போய்விட்டது என்று ஊர் சொன்னது, நானும் நம்பினேன். இந்தக் கண்காட்சிக்கு அவர் பெயரும் வந்தபோது கொதித்தேன்.

"அவன் படம் மாட்டுற சுவத்துல என் படம் தொங்காது. யாரு வேணும்னு நீங்களே சொல்லுங்க."

யங்சுக் அம்மையார் தயங்கித் தயங்கி அவரிடம் சொன்னார். அவர் சண்டை போட்டாரா? இல்லை. தன் படத்தைத் துணியில் சுற்றி அம்மையாரிடமே கொடுத்தார்.

"அண்ணி படம் இருக்கட்டும்மா. நான் கூட்டத்தோட கூட்டமா வந்து பாத்துட்டுப் போறேன்."

அதைப் பார்க்கவும் அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. சென்ற மாதம் ஒரு காலை, பல் விளக்கிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார்.

சாவு வீட்டுக்குப் போனேன். சுன்தொக் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எட்டு வருஷம் கழிச்சு வழி தெரிஞ்சுதா அண்ணி?"

கேட்க வேண்டிய கேள்விதான். கேட்டுவிட்டு, காரமான மாட்டிறைச்சி சூப்பை என் முன்னே வைத்தார். கரண்டியை எடுத்தேன். ஏதாவது பேச வேண்டுமே என்று, "பாவம், கையும் போயிருந்துச்சு" என்றேன்.

"கைக்கு என்ன? நல்லாத்தான் இருந்துச்சு. கிம்ச்சி ஊறுகாய் ஜாடியை அந்தக் கையாலதான் தூக்குவாரு. வரைய மட்டும் எடுக்க மாட்டாரு. 'அண்ணனை விட்ட கை இது. இதால அண்ணனை வரையக் கூடாது'ம்பாரு."

அன்று மாலையே யங்சுக் அம்மையாரின் சூளைக்குப் போய் அந்தத் துணியை அவிழ்த்தேன்.

புயல் இல்லை. கவிழ்ந்த படகு இல்லை. நண்பகல் வெயில். படகின் மேல்தளத்தில், கயிற்றுக் குவியலில் தலை வைத்து, வாயைப் பிளந்துகொண்டு என் கணவர் தூங்குகிறார். கிழிந்த காலுறையில் பெருவிரல் எட்டிப் பார்க்கிறது. கோணல்மாணலான கோடுகள்தான். ஆனால் அவரேதான்!

இந்த ஊரில் நான் படம் பிடிக்காத முகம் உண்டா? கல்யாண முகம், கடவுச்சீட்டு முகம், பிறந்த முகம், இறந்த முகம்! கட்டியவர் முகம் மட்டும் அடையாள அட்டையோடு நின்றுவிட்டது. கேமராவை எடுத்தாலே "போடி, வேலையைப் பாரு" என்று ஓடிவிடுவார். கடலில் அவர் தவித்துச் செத்ததை மட்டுமே எட்டு வருடம் நினைத்து நினைத்துச் செத்தேன். கடலில் அவர் நிம்மதியாகத் தூங்கியதும் உண்டு என்று எனக்கு யார் சொன்னது? நான் யாரைச் சுவரிலிருந்து இறக்கினேனோ, அவர் சொன்னார்!

பெரியோர்களே, தாய்மார்களே! கடல் கொண்டுபோனவர்களுக்குக் கல் நட்டோம். பெயர் பொறித்தோம். பூ வைத்தோம். கடல் திருப்பிக் கொடுத்தவர்களுக்கு என்ன செய்தோம்? "எப்படிப் பிழைத்தாய்?" என்று கேட்டோம். கண்ணால் கேட்டோம், கதவால் கேட்டோம், காலமெல்லாம் கேட்டோம்! பிழைத்து வந்தது பிழையா? மூச்சோடு வந்தது மோசமா? இந்தத் துறைமுகத்தில் இன்னும் எத்தனை மான்சிக்குகள் தலைகுனிந்து நடக்கிறார்கள்? அவர்களில் ஒருவராவது இன்று தலைநிமிர்ந்து வீடு போகட்டும். அழைத்துப் பேசுங்கள். பக்கத்தில் உட்கார வையுங்கள்.

வாசலுக்கு நேர் எதிரே, முதல் படமாக மாட்டியிருப்பது அவருடைய படம். என் கையால் ஆணி அடித்தேன். ஐந்து பேரின் படைப்புகளையும் அதற்குப் பிறகு பாருங்கள்.

வந்தவர்களுக்கும் நன்றி; கேட்டவர்களுக்கும் நன்றி; மன்னிக்காமலே எனக்குச் சோறு போட்ட சுன்தொக்குக்கும் நன்றி. எட்டு ஆண்டுகளுக்கு முன் என் வாசலில் சொல்லியிருக்க வேண்டிய ஒரு நன்றி மட்டும் பாக்கி நிற்கிறது.

நீயாவது உயிரோடு வந்தாயே, தம்பி. நன்றி.

அனைவருக்கும் வணக்கம்.