முன் வரிசை பாதி விலை

— அந்த ஆள் எத்தனை நோட்டு எண்ணிக் குடுத்தார்னு பாத்தீங்களா?

— பாத்தேன், பாத்தேன்.

— எத்தனை?

— ...நிறைய.

— நிறையவா? ரெண்டே ரெண்டு டிக்கெட்டுக்கு அவ்வளவு! நீங்க ஆறு பேன்ட்டுக்குக் கால் மடிச்சுத் தைச்சாத்தான் அதுல ஒரு டிக்கெட் வரும். நம்ம ரெண்டு பேருக்கும் பன்னெண்டு பேன்ட். வாங்க, வீட்டுக்குப் போயிடலாம்.

— வரிசையில நின்னாச்சு. பேசாம நில்லு.

— போன தடவ வந்தப்ப இதுல பாதிகூட இல்லீங்க.

— போன தடவ வந்து மூணு வருஷம் ஆச்சு. நாம வர்ற வரைக்கும் விலை காத்துக்கிட்டு நிக்குமா?

— நிக்க வேணாம். இப்படி ஓடாம, நடந்தாவது வந்திருக்கலாம்ல?

— வாய் மட்டும் குறையல உனக்கு.

— அதுக்கு மட்டுந்தான் இன்னும் விலை ஏறல... ஏங்க, நெசமாத்தான் கேக்கறேன். இந்தப் படம் அடுத்த மாசம் போன்லயே வந்துடும். கால நீட்டிப் படுத்துக்கிட்டுப் பாக்கலாம்.

— போன்ல பாக்கறதெல்லாம் ஒரு படமா? ஏதோ எறும்பு ஊர்ற மாதிரி...

— ஒரு வருஷம் முன்னாடி வரைக்கும் எறும்பத்தான பாத்துக்கிட்டு இருந்தீங்க?

— அது அப்போ.

— இப்ப என்ன ஆச்சு?

— ஒண்ணும் ஆகல. வரிசை நகருது பாரு.

— பள்ளிக்கூட யூனிஃபார்ம் இருபது சட்டை மேசையில குவிஞ்சு கிடக்கு. டெய்லருக்கு இன்னிக்கின்னு பாத்து சினிமா ஆசை.

— கிடக்கட்டும்.

— கிடக்கட்டுமா? இருபத்திரண்டு வருஷத்துல இந்த வார்த்தைய உங்க வாயிலேர்ந்து இன்னிக்குத்தான் கேக்கறேன். உடம்புக்கு ஏதாச்சும்...

— உடம்புக்கு என்ன? குத்துக்கல்லு மாதிரி இருக்கேன்.

— பாத்து! படி!

— தெரியுது, தெரியுது.

— தெரிஞ்சேதான் விரல இடிச்சுக்கிட்டீங்களா?

— புதுச் செருப்பு. வழுக்குது.

— போன வருஷம் வாங்கினது.

— ...நீ கணக்குப் பிள்ளையாப் போயிருக்கணும்.

— கூட்டத்தப் பாருங்க. ஞாயித்துக்கிழமை மதியக் காட்சி. நம்மளையும் சேத்து எட்டுப் பேர்.

— இந்த விலைக்கு எட்டுப் பேர் வந்ததே பெருசு.

— மருந்துக்கடைக்காரர் வீட்டுல என்ன பண்றாங்க தெரியுமா? அஞ்சு பேருக்கும் கட்டுப்படியாகாதுன்னு முறை வெச்சிருக்காங்க. ஒரு படத்துக்கு ஒருத்தர் போறது. வந்து மத்த நாலு பேருக்கும் கதை சொல்றது.

— கதை கேட்டா படம் பாத்த மாதிரி ஆயிடுமா?

— சொல்ற ஆளப் பொறுத்தது. அவரோட சின்னப் பொண்ணு சொன்னா எல்லாரும் அழறாங்களாம். அவர் சொன்னாத் தூங்கிடறாங்களாம்... சிரிக்க மாட்டீங்களே. சரி, எந்த வரிசை கேக்கப் போறீங்க? கடைசி வரிசைதான?

— முதல் வரிசை.

— முதல் வரிசையா! கழுத்து சுளுக்கிக்கும். கல்யாணமான புதுசுல கடைசி வரிசைதான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னது யாரு?

— மெதுவாப் பேசு.

— அந்தப் படத்துல யார் செத்தாங்க, யார் பொழச்சாங்கன்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

— ஏய்! ஆள் நிக்கறாங்க.

— நிக்கட்டும். தாலி கட்டின புருஷனத்தான சொல்றேன்... இப்ப என்ன புதுசா முதல் வரிசை?

— முன் வரிசைன்னா பாதி விலை. நீதான காசு காசுன்னு அடிச்சுக்கற?

— பாதி விலைன்னு யார் சொன்னா?

— யார் சொல்லணும்? அதோ, கவுண்டருக்கு மேல போர்டுல பெருசாப் போட்டிருக்கான்.

— எங்க?

— அங்கதான். வெளிச்சமா இருக்கே, அது. உனக்குக் கண்ணு தெரியலையா? என்ன, இருக்கா, இல்லையா?

— ...இருக்குங்க. போட்டிருக்கு. முன் வரிசை பாதி விலை.

— பின்ன? ஆறு பேன்ட் மிச்சம். இனிமேயாவது புலம்பாம வா.

— புலம்பல.

— முகம் ஏன் இப்படி... குரல் ஒரு மாதிரி இருக்கு?

— ஏசிக் காத்து.

— கேக்கணும்னு நெனச்சேன். கொஞ்ச நாளா கஸ்டமர் யாராச்சும் உன்கிட்ட குறை சொன்னாங்களா? தையல் கோணலா இருக்குன்னு... அந்த மாதிரி?

— ஒருத்தரும் சொல்லல. நீங்க தைச்சதுக்குக் குறை சொல்ல ஆள் பொறந்து வரணும்.

— அந்த பேங்க் மேனேஜர்? நீல பேன்ட்?

— போட்டுப் பாத்துட்டு, அளவெடுத்த மாதிரி இருக்குன்னார்.

— அளவெடுத்துத்தான தைச்சேன்... சரி. நல்லது.

— அடுத்து வாங்க. எத்தனை டிக்கெட், சார்?

— ரெண்டு குடும்மா. அந்தப் பாதி விலை இருக்கே, முன் வரிசை, அதுல.

— பாதி விலையா? இங்க எல்லா வரிசையும் ஒரே விலைதான், சார். போன தடவ விலை ஏத்தினப்பவே அந்த வித்தியாசத்த எடுத்துட்டாங்க.

— மேல போர்டுல போட்டிருக்கேம்மா...

— இந்த போர்டா? இது பாப்கார்ன் விலை, சார். யோசிச்சுச் சொல்லுங்க. கொஞ்சம் தள்ளி நிக்கறீங்களா? பின்னால ஆள் இருக்காங்க.

— இப்படி வாங்க. தூண் இருக்கு, பாத்து... கையக் குடுங்க.

— நீயும் போட்டிருக்குன்னியே.

— நீங்க போட்டிருக்குன்னீங்க.

— பாப்கார்ன் விலையப் பாத்துக்கிட்டேவா?

— ஆமா.

— ...எப்போலேர்ந்து தெரியும்?

— வெளிச்சம் பத்தலைன்னு தையல் மெஷின ஜன்னலோரமா இழுத்துப் போட்டீங்களே, அன்னிலேர்ந்து.

— அது ஆச்சு ஆறு மாசம்.

— தினம் காலையில நீங்க வந்து உக்காரும்போது பத்து ஊசி நூல் கோத்தபடி குத்தியிருக்குமே, யார் கோத்ததுன்னு நெனச்சீங்க?

— நான்தான் முந்தின நாள் கோத்து வெச்சு மறந்துட்டேன்னு...

— நீல பேன்ட்டுக்குக் கறுப்பு நூல் போட்டிருந்தீங்க. நீங்க மதியம் கண்ணசந்தப்ப பிரிச்சுத் திரும்பத் தைச்சேன். அது மட்டும் இல்ல, இன்னும் நாலஞ்சு.

— ஏன் என்கிட்ட சொல்லல?

— நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன். கண்ணாஸ்பத்திரிச் சீட்ட சட்டைப் பையில வெச்சபடியே துவைக்கப் போட்டீங்க. அப்பவும் சொல்லல.

— என்னன்னு சொல்றது? ஆபரேஷனுக்கும் வழியில்லையாம். இந்த வருஷக் கடைசி வரைக்கும் ஓரளவு தெரியுமாம். அப்புறம் உறுதி சொல்ல முடியாதுன்னுட்டார் டாக்டர்... அதான் பெரிய திரையில, உன் பக்கத்துல உக்காந்து ஒரு படம்... கிட்டத்துல உக்காந்தா உருவமாச்சும் தெரியும்னு...

— தெரியும்ங்க. அதுக்குத்தான் போட்டிருக்குன்னு சொன்னேன்.

— வேணாம், வா. போயிடலாம். முழு விலை. இனிமே கையில வர்றத எண்ணித்தான் செலவு பண்ணணும்.

— இவ்வளவு நேரம் நான் சொன்னப்ப கேட்டீங்களா? இப்ப நான் கேக்க மாட்டேன்.

— சார், முடிவு பண்ணிட்டீங்களா? நடு வரிசையில நல்ல சீட்டா காலியா இருக்கு. தரட்டுமா?

— நடு வரிசை வேணாம்மா. முதல் வரிசையே குடு. ஓரமா, பக்கத்துல யாரும் இல்லாத மாதிரி ரெண்டு. படம் முழுக்க நான் இவர் காதுல கதை சொல்லிக்கிட்டே இருப்பேன்... இன்னிலேர்ந்தே பழகிக்கணும்.