தண்ணீருக்குள் இறங்கிய கோடு

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்... அது காற்றுதான், கதவு கிடக்கட்டும். இது என் நண்பனின் சித்தப்பாவுக்கு நடந்தது.

ராத்திரி மணி இரண்டே கால். இரண்டு பக்கமும் சோளக்காடு. ஒரு விளக்குக் கம்பம் கிடையாது. மாநில நெடுஞ்சாலையின் நடுவில் வெள்ளைக் கோடு போடும் வேலை அவருக்கு. வண்டிகள் குறைகிற நேரத்தில்தான் அதைப் போட முடியும்.

ஆளுக்குப் பட்டப்பெயரே 'நேர்கோடு'. கட்டிலைக்கூடச் சுவருக்கு நேராகப் போட்டால்தான் தூக்கம் வரும். அன்று முன்னால் சுண்ணாம்புப் பொடியால் புள்ளி வைத்துக்கொண்டு போனது அவர் மச்சான், மனைவியின் தம்பி. வேலைக்குப் புதுசு. "அவனுக்கு நீச்சல் தெரியாதுங்க. அந்தத் தண்ணிப் பக்கம் விட்டுடாதீங்க. பத்திரமா கூட்டிட்டு வாங்க" என்று மனைவி பத்துத் தடவை சொல்லி அனுப்பியிருந்தாள்.

காரணம் இருந்தது. நீர்த்தேக்கம் கட்டியபோது முங்கிப்போன பழைய சாலை, அங்கேதான் பிரிந்து தண்ணீருக்குள் இறங்குகிறது.

இந்த வேலையில் புள்ளியை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. நிமிர்ந்தால் கோடு வளைந்துவிடும். குனிந்தபடியே பெயிண்ட் வண்டியைத் தள்ளினார். கர்ர்... கர்ர்... சூடான பெயிண்ட் நெடி.

பிறகு அந்தக் கர்ர் நின்றது. சக்கரம் சத்தமில்லாமல் உருண்டது. சேற்று வாடை... புள்ளிகள் மட்டும் வரிசை தப்பவில்லை.

பாதம் சில்லென்றது. நிமிர்ந்தார். கணுக்கால் வரை தண்ணீர். பத்தடி தள்ளி, இடுப்பளவு நீரில் மச்சான் முதுகு காட்டி நின்றான்.

அவர் கத்தினார். "டேய் மாப்ள! வெளிய வாடா!"

"மாமா..."

பதில் பின்னாலிருந்து வந்தது. கரைமேல், டார்ச்சோடு மச்சான். "அங்க என்ன பண்றீங்க? நான் வேன்ல கண்ணசந்துட்டேன். இன்னும் ஒரு புள்ளிகூட வைக்கலையே!"

தண்ணீரில் நின்றவன் திரும்பினான். அதே முகம். உதடு நடுங்கியது. "மாமா, அது நான் இல்ல... கால் சேத்துல மாட்டிக்கிச்சு. கை குடுங்க மாமா."

ஒரு கணம் நின்றார். அப்புறம் கரைக்கு ஓடினார். நாமும் அதைத்தான் செய்திருப்போம். பின்னால் "மாமா... மாமா..." பிறகு, குமிழிகள் வெடிக்கிற சத்தம். அவர் திரும்பிப் பார்க்கவேயில்லை. டார்ச்சோடு நின்றவனை வேனில் ஏற்றி, வண்டியை விரட்டினார்.

விடியும்போது வீடு. மனைவி கதவைத் திறந்தாள். "கூட்டிட்டு வந்துட்டேன்" என்று அவனை முன்னால் தள்ளிவிட்டார். அப்பாடா என்றிருந்தது.

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. அவன் தோளுக்கு மேலாக எட்டி, காலி வேனைப் பார்த்தாள்.

"யாருங்க இவரு?... என் தம்பி எங்க?"