பதினொரு பூ

கழக்கூட்டத்திலிருந்து கிழக்கேகோட்டை போகும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். கழுத்தில் தொங்கிய அட்டை, யூனிவர்சிட்டியில் முதல் வருஷம் என்றது. ஜன்னலோரத்தில் இருந்தவள் சொன்னது காதில் விழுந்த பிறகு நான் செய்தித்தாளை மடித்துவிட்டேன்.

“என் புரோகிராம் நிக்கணும்னு பழவங்காடி கணபதிக்குத் தேங்கா ஒடைக்கப் போறேன்.”

“எல்லாரும் ஓடணும்னுதானே ஒடைப்பா?” என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

“அது ஓடிண்டேதான் இருக்கு. பத்து தடவ ஹலோ சொல்லிட்டு நிக்கணும். ஸ்க்ரீன் பூரா ஹலோவாக் கொட்டறது. நாளைக்கு லேப் எக்ஸாம், கேட்டியா.”

“கோயில்ல எத்தன சுத்து சுத்துவ?”

“பதினொண்ணு.”

“எப்படி எண்ணுவ?”

“கைல பதினொரு பூ எடுத்துப்பேன். ஒரு சுத்து முடிஞ்சா ஒரு பூவப் படில வெப்பேன். கை காலியானா நிறுத்திடுவேன்.”

“புரோகிராம்ல பூவ எங்க வெச்ச?”

ஜன்னலோரத்துப் பெண் பையிலிருந்து லேப்டாப்பை உருவி மடியில் வைத்துக்கொண்டாள். பாளையம் தாண்டுவதற்குள், ஒவ்வொரு ஹலோவுக்கும் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைக்கும் ஒரு வரி சேர்த்தாள். “நின்னுடுத்து!” என்று அவள் கத்தியதில் கண்டக்டரே திரும்பிப் பார்த்தார்.

“அப்ப தேங்கா வேண்டாம், அல்லே?” என்றாள் ஜன்னலோரத்துப் பெண், சிரித்துக்கொண்டே.

“வாங்கு. எனக்காக ஒடை,” என்றாள் மற்றவள். “என்னோட ரெண்டாவது புரோகிராம் சரியா ஓடறது. ஏன் சரியா ஓடறதுன்னு மிஸ் கேட்டா நான் தொலைஞ்சேன்.”