டீக்கடைக்கு வராத டெய்லர்

அன்பர்களே, பேச்சு நடுவில் எனக்குத் தடுமாறும். ஆகவே வேலை தேடுவதைப் பற்றிச் சொல்லப்போவதை வரிசையாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1. வேலையில் இருப்பவர் வேறு வேலையை ரகசியமாகத் தேடுகிறார்.
2. வேலை போனவர், போனதையே ரகசியமாக வைத்துக்கொண்டு தேடுகிறார்.
3. இருவரும் ஒருவருக்கொருவர் போட்டி.

இதற்கு ஒரு சின்னக் கதை வைத்திருக்கிறேன். சரியாகச் சொல்வேனோ என்னவோ... கேளுங்கள்.

திருப்பூரில் சிவமலை என்று ஒரு டெய்லர். பனியன் கம்பெனியில் ஆட்குறைப்பு, வேலை போய்விட்டது. பொங்கலுக்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால், வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுக் குடும்பத்தோடு மச்சான் வீட்டில் போய் ஒண்ட வேண்டும். என்ன செய்தார்? 'டெய்லர் தேவை' என்று போர்டு தொங்கிய கேட்டில் எல்லாம் போய் நின்றார். அந்தப் போர்டை யார் கழற்றுகிறார்கள்? வருஷம் முழுக்கத் தொங்கும்! உள்ளே எப்போதோ ஆள் எடுத்து முடித்திருப்பார்கள்.

உண்மையான சேதி எங்கே இருக்கிறது? பழைய கம்பெனிக்கு எதிரே, டீக்கடையில்! எங்கே ஆர்டர் வந்திருக்கிறது, எங்கே ஆள் எடுக்கிறார்கள்... எல்லாம் அங்கே டீ குடிக்க வருகிறவர்கள் வாயில். அங்கே மட்டும் அவர் போகவில்லை. ஏன்? வெட்கம்.

மனைவி பூங்கொடி பொறுக்க முடியாமல் கேட்டார்: "ஏனுங்க, திருடிப்போட்டா வந்தீங்க? வேலைதானுங்க போச்சு. போய்ச் சொல்லுங்க!"

போனார். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "எனக்கு வேலை இல்லீங்க. எங்கயாச்சும் இருந்தாச் சொல்லுங்க."



பழைய கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கும் ரத்தினாத்தாள் சொன்னார்: "அட, நீங்க கத்தாருக்குப் போயிட்டீங்கன்னுல்ல பேசிட்டிருந்தோம்!"

ஒரே சிரிப்பு. பிறகு ரத்தினாத்தாள் அவரை ஓரமாகக் கூட்டிப்போய்ச் சொன்னார்: "சூப்பர்வைசர் காதுல போட்டுறாதீங்க. நானும் வேற கம்பெனி பாத்துட்டேன், நாளைக்குச் சேர்றேன். அங்க டெய்லரும் வேணுமாம். வாங்கண்ணா, சேர்ந்தே போலாம்."

போனார்கள். ஒரு பீஸ் தைக்கச் சொன்னார்கள். தைத்தார். மேனேஜர் தையலை இழுத்துப் பார்த்தார்... திருப்பிப் பார்த்தார்... "எப்ப வர்றீங்கன்னு கேக்க மாட்டேன். இப்பவே மிஷின்ல உக்காருங்க!"

பொங்கல் எங்கே வைத்தார்கள்? அதே வீட்டு வாசலில்!

வேலை தேடுகிறவர்களே, வேலை போனது உங்கள் குற்றமா? இல்லை! உரக்கச் சொல்லுங்கள். பழைய நண்பர்கள் நடுவில் போய் நின்று சொல்லுங்கள். வேலையில் இருப்பவர்களே, சேதி உங்களிடம்தான் இருக்கிறது. கையைப் பிடித்துக் கூட்டிப்போங்கள்!

அப்புறம்... மூன்றாவதாக, போட்டி என்றேனே. வீட்டில் யோசித்தபோது சரியாகத்தான் பட்டது. உங்கள் முன் சொல்லிப் பார்த்தால் நிற்கவில்லை. அது தவறு. மூன்றாவதை அடித்துவிடுங்கள்.