விங் நட்டு

மரத்தில் போட்ட பென்சில் கோட்டை ரப்பரால்தான் அழிக்க வேண்டும் சார். என் அண்ணன் சிவசாமி எச்சிலால் அழிப்பார். வெற்றிலை குதப்பும் வாயில் வலது கட்டைவிரலை விட்டு நனைத்து, தேக்கில் தேய்ப்பார். மரத்தில் சிவப்பாக ஒரு பூச்சு நிற்கும். பட்டறைக்குள் நுழைந்தாலே எனக்குக் குமட்டும்.

அதே விரலால்தான் சோறு பிசைவார். அதே விரலால்தான் என் மகள் பூமிகாவின் கன்னத்தைக் கிள்ளுவார். நான் அவள் முகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவேன், அவள் அழுவாள். அண்ணனிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மூத்தவரை எதிர்த்துப் பேசுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை.

பம்புசெட்டின் பழைய மோட்டாரை வைத்து நானே ஓர் அறுப்பு மிஷின் செய்தேன். மரம் ஒட்டிப் போக ஓர் இரும்புச் சட்டம். அதை அளவுக்கு நகர்த்தி இறுக்க நட்டு வேண்டும். விரலாலேயே திருகலாமே என்று, இரண்டு காதுள்ள விங் நட்டைக் கேட்டேன். பாபநாசத்தில் இரும்புக் கடை வைத்திருக்கும் உபைதுல்லா பாய் நல்ல மனிதர்.

“அதிர்ற மிஷினுக்கு இது நிக்காது தம்பி. ஸ்பிரிங் வாஷர் போட்டு, ஸ்பேனரால இறுக்குற நட்டா போடுங்க. சட்டம் நகந்துச்சுன்னா மரம் உதறி, கை பிளேடுக்குப் போயிடும்.”

அதுவரை அப்படி ஒன்று எனக்குத் தோன்றியதே இல்லை. அண்ணன் மரத்தை எதால் தள்ளுவார் என்று யோசித்தேன். தள்ளுகட்டையைத் தொடவே மாட்டார், வலது கட்டைவிரல்தான்.

“அடிக்கடி அளவு மாத்தணும் பாய். இதையே குடுங்க” என்றேன். வாஷர் வாங்கவில்லை.

ஆயுத பூஜையன்று அண்ணன் மிஷினுக்கு எண்ணெய் தடவி, நட்டுக்குக்கூடச் சந்தனம் குங்குமம் வைத்தார். விஜயதசமி காலையில் முதல் மரத்தை மூத்தவர்தான் அறுக்க வேண்டும். நான் ஊதுவத்தி பிடித்துக்கொண்டு நின்றேன். கட்டைவிரலோடு இன்னொரு விரலும் போய்விட்டது. அதை நான் நினைக்கவில்லை. அதற்கு மட்டும் வருந்துகிறேன்.

ஆஸ்பத்திரியில் அவர் அழுதார். “நட்டுல எண்ணெய் தடவுனது நான்தான்டா. என் தப்பு. நீ மனசுல வச்சுக்காத.” நான் தலையாட்டினேன்.

அதன்பின் வாஷரும் நல்ல நட்டும் வாங்கிப் போட்டேன். நான் கெட்டவன் இல்லை. நான்கு மாதம் நிம்மதியாகச் சாப்பிட்டேன். நேற்று அவர் வேலைக்குத் திரும்பினார். வந்ததும் இடது கட்டைவிரலை நக்கி, என் கோட்டை அழித்தார்.

ராத்திரியே பழைய நட்டைத் திரும்ப மாட்டிவிட்டேன். காலையில் மனசு கேட்கவில்லை. அவரைத் தடுக்கத்தான் இந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடி வந்தேன். எதையும் முதலிலிருந்து சொன்னால்தானே சார் புரியும்?

பட்டறையை அவர் ஒன்பது மணிக்குத் திறப்பார். நான் வந்தபோது உங்கள் சுவர்க் கடிகாரத்தில் மணி எட்டரை. இப்போது ஒன்பதே கால். அண்ணனுடைய போன் நம்பர் எனக்கு மனப்பாடம். வேண்டுமானால் சொல்கிறேன்.