பதிவில்லாத பக்கம்

இரவு பதினொன்று தாண்டியிருக்கும். ஆள் அரவமே இல்லாத புறவழிச்சாலை... அதில் தன்னந்தனியாக ஸ்கூட்டரில் போனார் என் நண்பனுடைய சித்தி. பழைய வீடியோ சாமான்களைப் பழுதுபார்ப்பதில் கில்லாடி. பயம் கிலோ என்ன விலை என்று கேட்கிற ரகம். கைபேசி எல்லாம் வராத காலம் அது.

போன இடம் ஒரு கரோக்கி கூடம், இசை ஓட ஓட வருகிறவர்களே மைக்கில் பாடுகிற இடம். சத்தம் வெளியே போகாமல் சுவரெல்லாம் பஞ்சு வைத்துத் தைத்த குட்டிக் குட்டி அறைகள். கடைசி அறையில் லேசர் டிஸ்க் பிளேயர்... பெட்டி சரியான கனம். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு வெள்ளித் தட்டு உள்ளே சுற்றும். ஒரு பக்கம் முடிந்ததும் லேசர் தானாகவே அடியிலிருந்து மேலே ஏறி மறுபக்கத்தைப் படிக்கும். ஏறுகிற இடத்தில்தான் சிக்குகிறதாம். சொல்லிவிட்டு முதலாளி முன்னறைக்குப் போய்விட்டார்.

சித்தி பெட்டியின் மூடியைக் கழற்றி, லேசர் ஏறுகிற தடத்தைத் துடைத்து, கிரீஸ் தடவி, கையில் கிடைத்த ஒரு தட்டைப் போட்டார். பாட்டு ஓடி முடிந்தது. திரை கருத்தது. கடக்... ர்ர்ர்... லேசர் சிக்காமல் மேலே ஏறியது. அப்பாடா என்றிருந்தது.

அப்புறம்தான் உறையைப் பார்த்தார். மறுபக்கம் பதிவில்லை என்று போட்டிருந்தது. பிளேயர் நின்றிருக்க வேண்டும்... நிற்கவில்லை.

கரோக்கி தட்டில் பாடுகிறவர் குரல் இடது ஸ்பீக்கரில் வரும், வெறும் இசை வலதில். வலது ஊமையாக இருந்தது. இடதில்... யாரோ மூச்சு விட்டார்கள். பிறகு பஞ்சுச் சுவரில் கை அறைகிற சத்தம். மொத்... மொத்...

நிறுத்தும் பொத்தானை அழுத்தினார். ம்ஹூம். ஒயரைப் பிடுங்கினார். பிளேயரின் விளக்கு அணைந்தது. தட்டு மட்டும் அதே வேகத்தில் சுற்றிக்கொண்டே இருந்தது. தூசி கருகுகிற வாசனை.

கதவுக்கு ஓடினார். கைப்பிடி திரும்பியது, கதவு அசையவில்லை. ஓங்கி ஓங்கித் தட்டினார். தொண்டை கிழியக் கத்தினார். பஞ்சு அத்தனையையும் விழுங்கியது. தன் குரல் தன் காதுக்கே எட்டவில்லை...

எவ்வளவு நேரமோ. கதவு சாதாரணமாகத் திறந்தது. முதலாளி நின்றிருந்தார்.

"எவ்ளோ நேரமா கத்துறேன்... காதுல விழலையா?"

அவர் திருதிருவென்று விழித்தார். இரண்டு தடவை வந்து தட்டினாராம். முதல் தடவை, இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி என்று உள்ளேயிருந்து பதில் வந்ததாம்.

"ரெண்டாவது தடவை நீங்க சொன்னது புரியாமத்தாம்மா திறந்தேன். இதே குரல்ல... 'அவங்க அப்பவே கிளம்பிட்டாங்க, இப்ப நான்தான் இருக்கேன்'னு சொன்னீங்களே."