இரண்டாம் கணக்கில் ஏறிய தொண்ணூறு

கழிவைக் கூட்டினால் வரி குறைய வேண்டும். பள்ளிப் பிள்ளைக்குக்கூட இது புரியும். ஆனால் என் அக்கா வீட்டுக்காரரின் வரிக்கணக்கில் நான் எந்தக் கழிவைச் சேர்த்தாலும் கடைசிக் கட்டத்தில் இருந்த தொகை அசையவில்லை. வீட்டுவரியைக் கழித்துப் பார்த்தேன். தொழிற்சங்கச் சந்தாவைக் கழித்தேன். வேலைக்காக அவர் வாங்கிய கருவிகளின் விலையையும் கழித்தேன். கணினி அதே எண்ணைக் காட்டியது. மென்பொருளில்தான் ஏதோ கோளாறு என்று அதை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினேன். அதே எண்.

எதிர்வீட்டுக் கேமராவில் ஏணியின் மேல்பாதிதான் தெரிகிறது என்றீர்கள். கீழ்ப்பாதியை நான் சொல்கிறேன். ஆனால் அந்த எண் ஏன் அசையவில்லை என்பது முதலில் உங்களுக்குப் புரிய வேண்டும். புரியாமல் எழுதினால் சொத்துத் தகராறு என்று எழுதி வழக்கை மூடிவிடுவீர்கள், இன்ஸ்பெக்டர். எங்களுக்குள் அப்படி எதுவும் இல்லை. அவர்கள் வீட்டு மாடி அறையில் வாடகை இல்லாமல் இருந்தவன் நான். சட்டையில் பொத்தான் விழுந்தால் அக்கா நான் கேட்காமலே தைத்து வைப்பாள்.

வரியை இரண்டு முறை கணக்கிடுகிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு இது தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் வருவதில்லை. முதல் கணக்கு எல்லோரும் அறிந்தது. வருமானத்தை எழுதி, அனுமதித்த செலவுகளைக் கழித்து, மீதிக்கு வரி. இதில் கெட்டிக்காரர்கள் கழித்துக் கழித்தே ஒன்றும் கட்டாமல் நழுவினார்கள். அவர்களைப் பிடிக்க வந்ததுதான் இரண்டாம் கணக்கு. இதில் பாதிக் கழிவுகள் செல்லாது. வீட்டுவரி செல்லாது, சந்தா செல்லாது. மருத்துவச் செலவு போல ஒன்றிரண்டுதான் செல்லும். இரண்டு கணக்கிலும் எது அதிகமோ அதைக் கட்ட வேண்டும். மாற்றுக் குறைந்தபட்ச வரி என்று இதற்குப் பெயர். முன்வாசல் வழியாகத் தப்பித்தவனைக் கொல்லையில் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து வரவேற்பது போல. நல்ல ஏற்பாடு. நான் அதை எப்போதும் ரசித்திருக்கிறேன்.

நான் முதல் கணக்கில் கழித்துக்கொண்டே இருந்தேன். தொகை வந்தது இரண்டாம் கணக்கிலிருந்து. அதனால்தான் அசையவில்லை.

இனி மாமா விஷயம். அக்கா வீட்டுக்காரரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னை வாத்தியார் என்பார், எதைக் கேட்டாலும் நான் விளக்க ஆரம்பித்துவிடுவேன் என்பதால். லிப்டுகளுக்குக் கட்டுப்பாட்டுக் கருவி செய்யும் சின்னக் கம்பெனியில் அவர் தொடக்கத்திலேயே சேர்ந்தவர். கம்பெனி வளர்ந்ததும், சந்தையில் நூறு விலை போகும் பங்கைப் பத்துக்கு வாங்கும் உரிமையை அவருக்குக் கொடுத்தார்கள். ஆண்டின் தொடக்கத்தில், கையிலிருந்த சேமிப்பையெல்லாம் போட்டு அவர் வாங்கினார். அன்றைக்கு அவருடைய நண்பர்கள் சிலர் சாப்பிட வந்திருந்தார்கள். உடனே விற்கலாமா என்று அவர் என்னைக் கேட்டார். விற்கக் கூடாது, ஒரு வருடம் வைத்திருந்து விற்றால் வரி விகிதம் குறைவு, இப்போது விற்றால் சம்பளத்துக்குப் போடுவது போலப் போடுவார்கள் என்று தட்டின் ஓரத்தில் கரண்டியால் கோடு போட்டுக் காட்டி விளக்கினேன்.

"கேட்டுக்கிட்டீங்கல்ல? வாத்தியார் சொன்னா கோர்ட்டு சொன்ன மாதிரி. நம்ம வீட்டுல பல்லு தேய்க்கறதுக்குக்கூட இவர்தான் விதி சொல்வாரு" என்றார் மாமா. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அது நல்ல நாள்.

நான் சொன்னது முதல் கணக்கின்படி சரி. விற்காத பங்குக்கு அதில் வரியே கிடையாது. இரண்டாம் கணக்கு அப்படிப் பார்ப்பதில்லை. பத்துக்கு வாங்கினாய், வாங்கிய அன்று மதிப்பு நூறு, ஆகவே தொண்ணூறு உன் வருமானம் என்று எழுதிக்கொள்கிறது. விற்றாயா, கையில் ஏதாவது வந்ததா என்று கேட்பதில்லை. பிறகு கம்பெனியின் கருவியில் ஏதோ பழுது என்று செய்தி வந்து பங்கு சரிந்தது. இலையுதிர் காலத்தில், ஆண்டு முடிய இன்னும் நேரம் இருந்தபோது, ஒரு முன்னோட்டத்துக்காக அவர் கணக்கை நான் போட்டுப் பார்த்தேன். ஒரு பங்கின் விலை அப்போது பதினைந்து. தொண்ணூறில் கால் பங்கு வரி, அதாவது இருபத்திரண்டரை. வரி கட்டும் காலம் வந்ததும் பங்கு முழுவதையும் விற்றுக் கொடுத்தாலும் போதாது. மீதிக்கு வீடுதான் போக வேண்டும்.

அக்கா அந்த வீட்டின் முன்னறையில் தையல் வேலை செய்கிறாள். வெளிச்சம் இடப்பக்கம் விழ வேண்டும் என்று கொத்தனாரோடு சண்டை போட்டு அந்த ஜன்னலை வைத்தவள். என் முகத்தைப் பார்த்து அவளுக்கு ஏதோ தட்டியிருக்க வேண்டும். வாயில் இருந்த ஊசியை எடுத்துவிட்டுக் கேட்டாள்.

"என்னடா, பேயறைஞ்ச மாதிரி இருக்க? வீட்டுக்கு ஒன்னும் ஆகாதுல்ல?"

"ஒன்னும் ஆகாதுக்கா. நான் இருக்கேன்ல."

சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும் அல்லவா. சட்டத்தைப் புரட்டினேன். பங்கு வைத்திருப்பவர் வாங்கிய ஆண்டுக்குள்ளேயே இறந்துவிட்டால், அது இறந்த நாளின் விலையில் மனைவிக்குப் போய்ச் சேரும், தொண்ணூறு எந்தக் கணக்கிலும் ஏறாது என்று ஒரு பிரிவு இருக்கிறது. சுருக்கமான பிரிவு. நான் அதைப் பலமுறை படித்தேன். மாமாவின் மேல் எனக்குக் கோபம் எதுவும் இருக்கவில்லை. அதை நீங்கள் குறித்துக்கொள்ளலாம்.

ஆண்டின் கடைசி வாரம் எல்லோருக்கும் வேலை குறைவு. கூரைத் தகரக் குழாயில் இலைகள் அடைத்து மழைத்தண்ணீர் சுவரில் இறங்குகிறது என்று அக்கா சொல்லிக்கொண்டே இருந்தாள். தைத்த துணிகளைக் கொடுக்க அவள் வெளியே போன பிறகு மாமா ஏணியைச் சாத்தினார். லிப்டுக் கிணறுகளில் ஏறி இறங்கியவர், உயரம் அவருக்குப் பொருட்டல்ல. ஏணியைப் பிடித்துக்கொள்வது என் வேலை. முதல் முறை உங்களிடம் சொன்னபோது கை நழுவிவிட்டது என்றேன். அது சரியல்ல. நான் ஏணியின் காலை இழுத்தேன்.

அவர் சிமெண்டுத் தரையில் விழுந்தார். உயிர் இருந்தது. அவளைக் கூப்பிடு, ஆம்புலன்ஸைக் கூப்பிடு என்று மெதுவாகச் சொன்னார். நான் பக்கத்தில் உட்கார்ந்து யோசித்தேன். பிழைத்தால் மருத்துவச் செலவு வரும். அது இரண்டு கணக்கிலும் கழியும், சொன்னேன் அல்லவா. ஆனால் எவ்வளவு பெரிய செலவானாலும் தொண்ணூறை அது தொடாது, வீட்டுக்கு மேல் இன்னொரு கடனாகத்தான் நிற்கும். அதனால் கூப்பிடவில்லை. அவர் கண்ணில் தூசி விழுந்திருந்தது, துடைத்துவிட்டேன். மூச்சு நின்ற பிறகுதான் தொலைபேசியை எடுத்தேன். அக்காவுக்கு வீடு இருக்கிறது. அவள் இன்னும் முன்னறையில்தான் தைக்கிறாள். என்னோடு பேசுவதில்லை.

ஏணியில் நின்றபோது அவர் ஏதாவது சொன்னாரா என்று கேட்கிறீர்கள். கேமராவில் வாய் அசைவது தெரிகிறதா? சொன்னார். கையில் ஈர இலைகளோடு, கீழே பார்க்காமல் சொன்னார்.

"வாத்தியாரே, ஆபீஸ்ல கணக்குப் பாக்கற பொண்ணு ஒன்னு சொல்லுச்சு. வருஷம் முடியறதுக்குள்ள வித்துடுங்க சார், இல்லைன்னா மாட்டிக்குவீங்கன்னு. உங்க மச்சான் இதைச் சொல்லலையான்னு வேற கேக்குது. நாளைக்கே வித்துடறேன், என்ன சொல்றீங்க?"

அப்போதுதான் இழுத்தேன்.

அந்தப் பெண் சொன்னது சரி. இலையுதிர் காலத்தில் அந்த எண் ஏன் அசையவில்லை என்று புரிந்த அன்றே எனக்கும் இது தெரியும். மாமாவிடம் சொல்லியிருந்தால், அன்றைக்கு நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். உங்களுக்கும் எப்போதாவது பயன்படலாம், எழுதிக்கொள்ளுங்கள். வாங்கிய பங்கை அதே ஆண்டுக்குள் விற்றுவிட்டால், இரண்டாம் கணக்கில் தொண்ணூறு ஏறாது. பத்துக்கு வாங்கிப் பதினைந்துக்கு விற்றதில் வந்த ஐந்து மட்டும் ஏறும். அதற்கு வரி ஒன்றேகால். சந்தை மறுநாள் திறந்திருந்தது.